சிப்பாய்க்கு இரண்டு கட்டமா? – சதுரங்கத்தின் புதிய விதிகளும் நம்மவர்களின் பழைய கைகளும்

எந்த ஆட்டத்துக்கும் புதிய விதிகள் வந்தால் முதலில் கேட்பது கைத்தட்டல் அல்ல, முணுமுணுப்புதான். "பழசே தேவலாம்", "சின்னப் பசங்களுக்காகச் சுலபமாக்கிட்டாங்க", "இத்தனை வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் வீணா?" என்று மூன்று புலம்பல்கள் வரிசையாக வரும். 2023 ஐ.பி.எல். போட்டியில் 'இம்பாக்ட் பிளேயர்' விதி வந்தபோது டீக்கடை பெஞ்சுகளில் இவை மூன்றும் கேட்டன. பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி ஆடும் வார்ஹாமர் 40,000 என்ற போர் ஆட்டம் 1987-இல் வெளிவந்தது. 2023-இல் அது பத்தாவது பதிப்பை எட்டியபோதும் அதன் ஆட்டக்காரர்கள் இவற்றைத்தான் சொன்னார்கள்.

மேசைப் போர் ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தா ஒருவர் உண்டு. அவர்தான் சதுரங்கம். 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, மலை, ஆறு, கோட்டை எல்லாம் சேர்த்து ஒரு போர் ஆட்டத்தை அமைத்தார். பின்னால் பிரஷ்யப் படை அதிகாரிகள் பயிற்சிக்கு ஆடிய 'கிரீக்ஸ்பீல்' ஆட்டத்துக்கும், இன்றைய பொம்மைப் படை ஆட்டங்களுக்கும் அது ஒரு முன்னோடி. ஆகவே, புதிய விதிகளைப் பார்த்ததும் ஆட்டக்காரர்களுக்கு என்ன தோன்றியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தத் தாத்தாவிடமிருந்து ஆரம்பிப்பதே நியாயம். அதிலும், 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய விதிகள் இந்தியாவுக்கு வந்தபோது நடந்த கதை ரொம்பவே சுவாரசியமானது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு கடையில் செஸ் செட் வாங்கினால் உள்ளே மடித்து வைத்த விதித்தாள் இருக்கும். அதில் உள்ள விதிகள் எல்லாம் 'எப்போதும்' இருந்தவை என்று நினைத்துக்கொண்டுதான் ஆடுகிறோம். உண்மையில் அந்தத் தாளில் உள்ள பல வரிகள் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள்தான் ஆகின்றன.

வெறி பிடித்த ராணி

சதுரங்கம் என்றால் நான்கு அங்கம். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை. 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சிவனுக்கே 'சதுரங்க வல்லபநாதர்' என்று பெயர். சதுரங்கத்தில் வென்று இளவரசியைக் கைப்பிடித்தார் என்பது தலபுராணம்.

இந்தியாவிலிருந்து பாரசீகம், அங்கிருந்து அரபு நாடுகள், அங்கிருந்து ஐரோப்பா என்று ஆட்டம் பயணம் செய்தது. அந்தக் காலத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது ராணி அல்ல, மந்திரி. அவர் குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். இன்றைக்குத் தமிழில் 'மந்திரி' என்று சொல்லும் காயின் இடத்தில் அப்போது யானை நின்றது. அது குறுக்காக இரண்டு கட்டம் தாவும், அவ்வளவுதான். ஆட்டம் மாட்டு வண்டி வேகத்தில் போகும்.

சுமார் 1475-இல் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் எல்லாம் மாறியது. மந்திரியின் இடத்தில் இருந்த ராணிக்கு எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும் பலம் வந்தது. யானை நின்ற இடத்துக் காய் குறுக்கு வழியில் பலகையின் ஓரம்வரை பாய ஆரம்பித்தது. ஆட்டக்காரர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்கள் வைத்த பெயரே சொல்லிவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'எஷெக் த லா தாம் ஆன்ரஜே' என்றார்கள். 'வெறி பிடித்த சீமாட்டியின் சதுரங்கம்' என்று பொருள். (பிரெஞ்சில் 'தாம்' என்றால் சீமாட்டி. செஸ் ராணிக்கும் அதுதான் பெயர்.) இத்தாலியர்களும் 'ரபியோசா', அதாவது வெறி பிடித்தது என்றே அழைத்தார்கள். பாராட்டா, திட்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!

ஆனால் அந்தத் திட்டு வெகுநாள் நீடிக்கவில்லை. 1497-இல் சலமான்கா நகரில் லூசெனா என்பவர் அச்சிட்ட புத்தகத்தில் புதிய விதிப்படியான ஆட்டமும் இருந்தது, பழைய விதிப்படியான புதிர்களும் இருந்தன. பழைய விதிக்கு அவர் போட்ட தலைப்பு 'கிழட்டு ஆட்டம்' என்ற பொருள் தருவது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள், ஆயிரம் வருடம் ஆடிய ஆட்டம் கிழடாகிவிட்டது. புதிய விதி வந்து கொஞ்ச காலத்திலேயே அச்சு இயந்திரமும் துணைக்கு வந்ததைக் கவனியுங்கள். இந்த விஷயம் கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

நாட்டு ஆட்டம்

ஐரோப்பாவில் இப்படி மாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தியாவில் ஆட்டம் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கேயும் ராஜாவின் துணைக்காய்க்கு நீளமாக ஓடும் பலம் இருந்தது. ஆனால் பல விதிகள் வேறு. ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் உண்டு என்றாலும், பொதுவாக இப்படிச் சொல்லலாம்:

ஒன்று, சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாயும் சலுகை பொதுவாகக் கிடையாது.

இரண்டு, காஸ்லிங் கிடையாது. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்ற முடியாது. பதிலாக, ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவலாம். அதற்கு முன் அவருக்குச் செக் விழுந்திருக்கக் கூடாது.

மூன்று, சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் இஷ்டப்பட்ட காயாக மாறாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். குதிரை வரிசையில் போனால் குதிரை, யானை வரிசையில் போனால் யானை.

நான்கு, ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்பதில்லை. ஒருவருடைய ராஜாவுக்கு எதிரே மற்றவருடைய மந்திரி நிற்பார்.

ஐந்து, எதிராளியின் எல்லாக் காய்களும் போய் ராஜா மட்டும் தனியாக நின்றால் அதுவே ஒரு முடிவு. முழு வெற்றியாகக் கருதாமல் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

சிறு மாற்றங்கள்தானே என்று தோன்றும். ஆனால் சிப்பாய் ஒரு கட்டம் மட்டும் நகரும் என்ற ஒரு விதியே ஆட்டத்தின் குணத்தை மாற்றிவிடும். இரண்டு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொள்ளவே நேரம் பிடிக்கும். அதுவரை இரண்டு பக்கமும் பின்னால் நின்று படையை அணிவகுக்கலாம். குதிரைக்கு முன் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, காலியான இடத்தில் மந்திரியை நிறுத்தி, குறுக்கு வழியாகப் பலகையின் நடுவைக் குறி வைப்பது இயல்பான ஏற்பாடு. நிதானம், பொறுமை, கடைசிக் கட்டத்தில் கணக்கு. நாட்டு ஆட்டக்காரரின் பலம் இதுதான்.

வந்த ஐரோப்பிய விதிகளும் அப்போது கல்லில் செதுக்கியவை அல்ல. ராஜாவுக்குச் செக் இல்லாமல், நகரவும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் (ஸ்டேல்மேட்) இன்று அது சமன். ஆனால் இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, மாட்டிக்கொண்டவரே ஜெயித்தார் என்று கணக்கு! இத்தாலியர்கள் 1880-கள் வரை காஸ்லிங்குக்குத் தங்கள் சொந்த விதியை வைத்திருந்தார்கள். 'ஆன் பாசான்' விதியையும் அதுவரை ஏற்கவில்லை. (பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 'போகிற போக்கில்'. இரண்டு கட்டம் பாயும் சிப்பாயைப் போகிற போக்கில் பிடிக்கும் விதி.) ஆகவே 'முன்னேறிய ஐரோப்பா, பின்தங்கிய இந்தியா' என்ற படம் இங்கே பொருந்தாது. எல்லா ஊரிலும் உள்ளூர் விதி இருந்தது. அதில் ஒரு ஊரின் விதி கப்பலேறி வந்தது.

பம்பாயில் ஒரு சாஸ்திரி, மதராஸில் ஒரு காசிம்

புதிய விதிகளை முதலில் பார்த்த இந்திய ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்களே எழுதி வைத்தது அபூர்வம். ஆனால் என்ன செய்தார்கள் என்று தெரியும்.

1814-இல் பம்பாயில் ஒரு புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. விலாஸமணிமஞ்சரி என்று சமஸ்கிருதத்தில் அவர் எழுதிய சதுரங்க நூலின் ஆங்கில வடிவம் அது. தலைப்பிலேயே ஒரு முக்கியமான வார்த்தை இருக்கிறது: ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்றபடி அமைத்தது என்று போட்டிருந்தார். நாட்டு ஆட்டத்தில் ஊறிய ஒரு பண்டிதர், தன் புதிர்களைப் புதிய விதிக்குத் தக்கபடி சீர் செய்து, புதிய வாசகர்களிடம் நீட்டுகிறார். திட்டவும் இல்லை, சரணடையவும் இல்லை. 'உங்கள் விதியிலும் என் சரக்கு செல்லும்' என்பதுதான் அதன் பொருள்.

அடுத்த சான்று இன்னும் பக்கத்தில், மதராஸில் இருக்கிறது. 1829-இல் மதராஸில் ஒரு சிறு புத்தகம் அச்சாயிற்று. 'முஸியோ கேம்பிட்' என்ற தொடக்க ஆட்டத்தின் அலசலும், மதராஸுக்கும் ஹைதராபாத்துக்கும் நடந்த இரண்டு ஆட்டங்களும் அதில் இருந்தன. விளக்கம் எழுதியவர்கள் இருவர். ஒருவர் மதராஸ் அணியின் ஆட்டத்தை முன்னின்று நடத்திய குலாம் காசிம். மற்றவர் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜேம்ஸ் காக்ரேன்.

இதில் என்ன அதிசயம்? முஸியோ கேம்பிட் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெள்ளை, ராஜா முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பும் அப்படியே. வெள்ளை பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளிப் பலி கொடுக்கிறது. கறுப்பு அதை வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை வெளியே வருகிறது. வெட்டிய சிப்பாயைக் காக்க, கறுப்பு இன்னொரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. வெள்ளை மந்திரி வெளியே வந்ததும், கறுப்புச் சிப்பாய் முன்னேறிக் குதிரையை மிரட்டுகிறது. குதிரை ஓட வேண்டிய நேரம். ஆனால் வெள்ளை ஓடுவதில்லை. குதிரையை அப்படியே பலி கொடுத்துவிட்டுக் காஸ்லிங் செய்கிறது!

இரண்டு கட்டச் சிப்பாயும் காஸ்லிங்கும் இல்லாவிட்டால் இந்த ஆட்டமே கிடையாது. அதாவது நாட்டு விதிப்படி ஆடவே முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிப் புத்தகம் எழுதும் அளவுக்குக் கரைத்துக் குடித்திருக்கிறார் ஒரு மதராஸ்காரர். அதோடு நிற்கவில்லை. அதே இடத்தில் காஸ்லிங் செய்யாமல் ராணி முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் ஒரு வழிக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க 'குலாம் காசிம் கேம்பிட்' என்றுதான் பெயர். செஸ் தொடக்க ஆட்டங்களின் பட்டியலில் மதராஸ் மனிதர் ஒருவரின் பெயர் 200 வருடமாக உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் அவர் பெயரில் ஒரு தெரு இருந்தால் நன்றாயிருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த மாதிரி விதிமாற்றம் வேறு வகையில் பழக்கம். 1881-இல் வந்த ஆணைப்படி, விரும்பியவர்கள் தங்கள் பரம்பரை வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம் என்று ஆனது. மாறியவர் பழைய சட்டத்துக்குத் திரும்ப முடியாது. சதுரங்கத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதி என்று ஆடலாம். மாற்றம் மெதுவாக, அவரவர் கை வழியாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்கத்தாவில் பழைய கை

மதராஸில் காசிம் புதிய விதியின் வேகத்தைப் பிடித்துக்கொண்டார் என்றால், கல்கத்தாவில் நடந்தது நேர் எதிர். ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் கல்கத்தாவில் வாழ்ந்தார். (மேலே சொன்ன ஜேம்ஸ் வேறு, இவர் வேறு.) ஐரோப்பாவிலேயே பெரிய கை. சுமார் 1848-இல் அவருக்கு ஒரு வங்காளி ஆட்டக்காரர் அறிமுகமானார். பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. நாட்டு ஆட்டத்தில் பெயர் பெற்றவர். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றில் பல லண்டன் பத்திரிகையில் அச்சாகின.

மகேஷ் சந்திரர் புதிய விதியைக் கற்றார். ஆனால் பழைய பழக்கத்தை விடவில்லை. சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்ச அனுமதி இருந்தும் பல ஆட்டங்களில் ஒரு கட்டம்தான் நகர்த்தினார். குதிரை முன் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மந்திரியை மூலையோரம் நிறுத்தி, நடுப்பலகையை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, தூரத்திலிருந்து அடித்தார். அந்தக் காலத்து ஐரோப்பியக் கண்ணுக்கு இது வினோதம். நடுப்பலகையில் சிப்பாயை நிறுத்துவதுதான் முறை என்பது அவர்கள் பாடம்.

வருடங்கள் ஓடின. 1922-இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் ஒரு புதிய தற்காப்பைப் பெரிய போட்டிகளில் ஆடிக் காட்டினார். நடுப்பலகையை எதிராளிக்கு விட்டு, ஓரத்து மந்திரியால் அதைத் தகர்ப்பது அதன் சூட்சுமம். இன்று அது 'குருன்ஃபெல்ட் தற்காப்பு'. ஆனால் அதே தொடக்கத்தை 1855-இல், அதாவது 67 வருடம் முன்பே, காக்ரேனுக்கு எதிராகக் கல்கத்தாவில் மகேஷ் சந்திரர் ஆடியிருந்தார். 1920-களில் டார்டகோவர் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இந்த வகைத் தொடக்கங்களை 'இந்தியத் தற்காப்பு' என்று அழைக்க, பெயர் நிலைத்தது. கிங்ஸ் இண்டியன், குவீன்ஸ் இண்டியன், நிம்சோ இண்டியன் என்று உலகமே இன்று சொல்லும் பெயர்களுக்குப் பின்னால், சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும் என்ற பழைய விதியில் பழகிய கை இருக்கிறது.

புதிய பதிப்பு வந்ததும் பழைய திறமை செல்லாக்காசு என்பதுதான் எல்லா ஆட்டக்காரர்களின் முதல் பயம். மகேஷ் சந்திரரின் கதை அதற்கு நல்ல பதில். விதியை மாற்றலாம். அந்த விதியில் பழகிய கண்ணை மாற்ற முடியாது. அந்தக் கண் புதிய ஆட்டத்தில் மற்றவர் பார்க்காததைப் பார்க்கும்.

லக்னோவில் ஒரு ரயில் வண்டி

மாற்றத்தின் கசப்பையும் சொல்ல வேண்டும். அதற்குச் சத்யஜித் ராய் 1977-இல் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாரி' படத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. பிரேம்சந்த் 1924-இல் எழுதிய கதைதான் மூலம். 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்யத்தை விழுங்கும் நேரத்தில், லக்னோவில் இரண்டு ஜமீன்தார்கள் உலகமே தெரியாமல் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு காட்சியில் விருந்தாளி ஒருவர் வந்து இங்கிலீஷ்காரர்களின் விதியை விளக்குகிறார். அங்கே மந்திரிக்குப் பதில் ராணி. சிப்பாய் முதலில் இரண்டு கட்டம் போகலாம். ஆட்டம் சீக்கிரம் முடியும். நண்பர்களுக்கு ஆச்சரியம்: நம்முடைய ஆட்டத்தை எடுத்துப்போய் நமக்கே மாற்றிச் சொல்கிறார்களா? படத்தின் முடிவில் கம்பெனிப் படை ஊருக்குள் நுழைகிறது. இரண்டு பேரும் ஊருக்கு வெளியே உட்கார்ந்து மறுபடி காய் அடுக்குகிறார்கள். இந்த முறை இங்கிலீஷ் விதியில். மந்திரி விலகட்டும், விக்டோரியா ராணி வரட்டும்!

படம் கற்பனைதான். ஆனால் அது தொட்ட இடம் உண்மை. இங்கே விதிமாற்றம் சங்கத்துக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்த விஷயமல்ல. ஆட்சி மாறியது, கூடவே ஆட்டமும் மாறியது.

சுல்தான் கான்

இரண்டு விதிகளுக்கும் இடையில் வாழ்ந்தவர்களில் பெரிய பெயர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் பிறந்தவர். ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. சிறு வயதில் தந்தையிடம் கற்றது நாட்டு ஆட்டம். உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபு ஆதரித்து, ஐரோப்பிய விதியைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்போதே அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வெற்றி. 1929-இல் லண்டன்.

லண்டனில் முதலில் ஆடிய சிறு போட்டியில் சோபிக்கவில்லை. தொடக்க ஆட்டங்களைப் பற்றி ஐரோப்பியர்கள் புத்தகம் புத்தகமாகப் படித்திருந்தார்கள். அவர் படிக்கவில்லை. முதல் பத்து நகர்வுகளில் அடி வாங்குவார். ஆனால் காய்கள் குறைந்து ஆட்டம் நீண்டுவிட்டால் அவரை அசைக்க முடியாது. நாட்டு ஆட்டம் கொடுத்த பொறுமை அது. அதே 1929-இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாப்ளாங்காவைத் தோற்கடித்தார். மூன்று ஒலிம்பியாடுகளில் பிரிட்டன் அணியின் முதல் பலகையில் உட்கார்ந்தார். 1933-இல் உமர் ஹயாத் கான் வீட்டைச் சேர்ந்த ஃபாத்திமா என்ற பெண் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி.

அத்தோடு இந்தியா திரும்பினார் சுல்தான் கான். பிறகு சர்வதேசப் போட்டி எதுவும் ஆடவில்லை. 1966-இல் இறந்தார். 2024-இல்தான் ஃபிடே அமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது. (ஃபிடே என்பதும் பிரெஞ்சுச் சுருக்கம்தான். 1924-இல் பாரிஸில் ஆரம்பித்த சர்வதேசக் கூட்டமைப்பு.) ஐரோப்பாவில் ஐந்து வருடம்கூட முழுதாக ஆடாதவருக்கு, இறந்து 58 வருடம் கழித்து வந்த பட்டம்.

ஏன் அது ஜெயித்தது?

ஐரோப்பிய விதி சிறந்தது என்பதால் ஜெயித்ததா? வேகமான ஆட்டம் என்பது ஒரு காரணம்தான். ஆனால் முக்கியமான காரணங்கள் பலகைக்கு வெளியே இருந்தன. அவர்களிடம் ஆட்டத்தை எழுதி வைக்கும் குறியீடு இருந்தது. அச்சடித்த புத்தகம் இருந்தது. சங்கம் இருந்தது. கடிதம் மூலம் ஊர் விட்டு ஊர் ஆட ஒரே விதி தேவைப்பட்டது. மதராஸும் ஹைதராபாத்தும் கடிதத்தில் ஆட வேண்டுமானால் இரண்டு ஊரும் ஒரே விதிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டு ஆட்டத்துக்கு நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பொது விதிப்புத்தகம் இல்லை. ஆட்டங்கள் ஆடியவர்களோடேயே போய்விட்டன. மகேஷ் சந்திரரின் ஆட்டங்களே காக்ரேன் எழுதி அனுப்பியதால்தான் இன்று கிடைக்கின்றன. அவர் நாட்டு விதியில் ஆடிய ஆட்டங்கள் எங்கே?

1951-இல் அகில இந்திய செஸ் கூட்டமைப்பு தொடங்கியது. 1955-இல் ஏலூருவில் முதல் தேசிய சாம்பியன் போட்டி நடந்தது. தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில் சிறுவன் ஆனந்த் ஆடினான். 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டரானதும் அவர்தான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். பொது விதி இல்லாவிட்டால் இவை எதுவும் இல்லை. இதையும் மறுக்க முடியாது.

வட்டம் திரும்புகிறது

இப்போது ஒரு வேடிக்கை. 2019 கடைசியில் முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் ஒரு யோசனை சொன்னார். கம்ப்யூட்டர் வந்தபின் தொடக்க ஆட்டமெல்லாம் மனப்பாடமாகிவிட்டது, ராஜாவைக் காஸ்லிங் செய்து பூட்டி வைத்துவிட்டுச் சமன் செய்கிறார்கள், ஆகவே காஸ்லிங்கை எடுத்துவிடலாம் என்றார். 2020 ஜனவரியில் சென்னையிலேயே காஸ்லிங் இல்லாத போட்டி ஒன்று நடந்தது. 2021-இல் டார்ட்மண்ட் நகரில் ஆனந்தும் கிராம்னிக்கும் காஸ்லிங் இல்லாமல் நான்கு ஆட்டம் ஆட, ஆனந்த் ஜெயித்தார். 2020-இல் ஆல்ஃபாஸீரோ என்ற கம்ப்யூட்டர் நிரலை வைத்து ஒன்பது 'புதிய' விதிகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று என்ன தெரியுமா? சிப்பாய் ஒரு கட்டம் மட்டும் நகர வேண்டும்!

காஸ்லிங் கிடையாது, சிப்பாய்க்கு ஒரு கட்டம். நம்மூர்த் தாத்தாக்கள் 'அந்தக் காலத்தில் இப்படித்தான்' என்று சொன்னால் சிரித்திருப்போம். இன்று அதற்கு 'எதிர்காலச் செஸ்' என்று பெயர்.

ரெட்டியார்பாளையத்திலோ வில்லியனூரிலோ, எந்த ஊரிலோ, வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அடுத்த முறை பலகையை விரிக்கும்போது அவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வையுங்கள். நீங்கள் சின்ன வயதில் ஆடியபோது சிப்பாய் முதலில் எத்தனை கட்டம் போகும்? ராஜாவுக்கு ஏதாவது சலுகை உண்டா? கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் என்னவாகும்? ஒவ்வொரு காய்க்கும் என்ன பெயர்? சொல்தாவாகப் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா என்றால் பெயர்கள் வேறு மாதிரிகூட வரலாம். பதில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. 1814-இல் சாஸ்திரியும் 1829-இல் காசிமும் எழுதி வைத்ததால்தான் இன்று அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது.